வெயிலில் வைத்த பாட்டில்கள்

நாகலூர் சாந்தாமேரிக்கு நிலமும் இல்லை, பிள்ளையும் இல்லை. கைசுத்தமானவள் என்ற பெயர் மட்டும் இருந்தது. ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஞானப்பிரகாசம், 1976-இல் மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போனபோது, அந்தப் பெயரை நம்பித்தான் தன் பங்களாச் சாவியை அவளிடம் கொடுத்தார். மேசை நாற்காலி பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. அலமாரியைத் திறந்து காட்டி, "இதுங்கதான் பத்திரம், மேரி" என்றார்.

உள்ளே இருபத்து மூன்று பழைய மருந்து பாட்டில்கள். வெள்ளைக்காரர்கள் இருந்த எஸ்டேட்டுகளின் குப்பைக்குழியைத் தோண்டி அவர் சேர்த்தவை. எழுத்தோ முத்திரையோ இல்லாத, தண்ணீர் போலத் தெளிந்த கண்ணாடி. ஒவ்வொன்றிலும் அவர் கைப்பட எண் எழுதி ஒட்டிய சீட்டு. இதற்காக ஒரு மனிதர் இவ்வளவு மெனக்கெடுவாரா என்று ஊர் சிரித்தது. சாந்தாமேரி சிரிக்கவில்லை. பத்திரம் என்று சொன்னால் அவளுக்குப் பத்திரம்தான்.

நாகலூர் மலையில் மாதக்கணக்கில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். துணி, செருப்பு, ஜெபப்புத்தகம் என்று எல்லாவற்றிலும் பூசணம் பூத்துவிடும். அதனால் வெயில் தலைகாட்டியதும் ஆளாளுக்கு வீட்டில் உள்ளதைத் தூக்கி வெளியே வைப்பார்கள். அவளும் அதைத்தான் செய்தாள். வெயிலடித்த நாளெல்லாம் பாட்டில்களைத் துடைத்து, பங்களாவின் முன்சுவரில் வரிசையாக வைத்தாள். நாலைந்து வருஷத்தில் கண்ணாடியில் லேசாக ஊதா தட்டியது. கறை என்று நினைத்து, சீட்டு நனையாமல் புளி போட்டுத் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. வெயிலில் துணி வெளுக்கிறதே, கண்ணாடியும் வெளுத்துவிடும் என்று இன்னும் அதிக நேரம் வெயிலில் வைத்தாள். பாவம், வேண்டாம் என்று சொல்ல அங்கே யார் இருந்தார்கள்?

1986-இல் ஞானப்பிரகாசம் திரும்பி வந்து அலமாரியைத் திறந்தார். பாட்டில்கள் அத்தனையும் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன.

"என் பாட்டிலெல்லாம் எங்கே மேரி?"

"இதுதானுங்க சார். கறை புடிச்சிருச்சுங்க. தேச்சுத் தேச்சுப் பாத்துட்டனுங்க."

"கண்ணாடி தானா கலர் மாறுமா? நல்லதை வித்துட்டு, என் சீட்டை உரிச்சு இந்தக் குப்பையில ஒட்டி வெச்சிருக்கே. நாளைக்கே போலீஸ்ல எழுதிக் கொடுக்கறேன்."

சேர்த்ததை எல்லாம் அலமாரி இருட்டிலேயே பூட்டி வைத்த மனிதர். வெயில் பட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது. தெரியாதது தப்பில்லை. தெரியாமலே ஒருத்தியைத் திருடி என்றாரே, அதற்கு என்ன சொல்வது?

சாந்தாமேரி வீட்டுக்கு வந்து மூலையில் சுருண்டு படுத்தாள். அவள் புருஷன் சூசைமாணிக்கம் எஸ்டேட்டில் காபிக் களத்துக்குக் காவல் இருந்தவர். விஷயம் அவர் காதுக்கு அதற்குள் வந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "நெசந்தானா சாந்தா?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் அழுதாளே தவிர வாய் திறக்கவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை.

விடிந்ததும் நேரே பங்களாவுக்குப் போய், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "நாந்தானுங்க சார் வித்தேன். அவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. போலீசுக்கு மட்டும் போயிராதீங்க."

போலீஸ் வரவில்லை. பங்களாச் சாவி சாந்தாமேரியின் கையைவிட்டுப் போயிற்று. எஸ்டேட் கணக்கு பார்த்த ரைட்டர் சூசைமாணிக்கத்தைக் காவல் வேலையிலிருந்து எடுத்துக் களைவெட்டுக்கு அனுப்பினார். கோயில் திருவிழாவில் மாதா சப்பரத்துக்கு வருஷாவருஷம் முன்தோள் கொடுத்தவரை, அந்த வருஷம் ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் கூட்டத்தின் கடைசியில் மெழுகுவத்தி பிடித்து நடந்தார்.

சாந்தாமேரி அவர் சொன்னதை அப்படியே நம்பினாள். இவர்தான் ஒவ்வொன்றாக மாற்றி வைத்திருக்கிறார், அதனால்தான் கறை போகவில்லை என்று அவள் மனம் கணக்குப் போட்டது. அன்றைக்கு நிறுத்திய பேச்சை அவள் திரும்ப எடுக்கவே இல்லை. மூன்று வருஷம் சோறு போட்டாள், துணி துவைத்தாள், முகம் பார்க்கவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுப்பார். திருடியவன் குழைகிறான் என்று அவள் மனம் கசந்தது.

1989 மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. உயிர் போகும்போது அவள் கையைப் பிடித்து, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காத சாந்தா. ஆண்டவரு மன்னிச்சிருவாரு" என்றார். தான் திருடியதற்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து அவள் பேசாமலே இருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, பழைய கண்ணாடி சேகரிக்கும் மாதேஸ்வரன் சேலத்திலிருந்து பங்களாவுக்கு வந்தார். மூலையில் கிடந்த ஊதா பாட்டில்களைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"பழைய கண்ணாடி சிலதுல மாங்கனீசு சேத்திருப்பாங்க. வருஷக்கணக்கா வெயில் பட்டா இந்த நிறம் வந்திருமுங்க. கெட்டுப்போச்சுன்னு ஒதுக்கறவங்களும் உண்டு. எனக்கு இதுதான் நொம்பப் புடிக்கும்."

ஞானப்பிரகாசம் நம்பவில்லை. மாதேஸ்வரன் ஒரு பாட்டிலைத் தண்ணீரில் ஊறவைத்துச் சீட்டை உரித்தார். சீட்டு இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளிறிய சதுரமாகத் தெரிந்தது. "நீங்க ஒட்டுன நாளா இதை ஆரும் உரிக்கலீங்க" என்றார்.

அன்று மதியமே ஞானப்பிரகாசம் சாந்தாமேரியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். நடந்ததைச் சொல்லி, "ஒருத்தரும் திருடலை மேரி. என்னை மன்னிச்சிரு" என்று கைகூப்பினார்.

"அப்ப அவரு ஏனுங்க அப்படிச் சொன்னாரு?" என்று கேட்டாள் சாந்தாமேரி.

கேட்ட மாத்திரத்தில் அவளுக்கே விளங்கிவிட்டது.

"நாந்தான் எடுத்தேன்னு நெனச்சுட்டாருங்க. ஒரு நாளு வாயத் தொறந்து அவரைத் திருடன்னு திட்டியிருந்தாக்கூட, நான் எடுக்கலைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமுங்களே சார்."