முப்பத்தொரு பந்துகள்

மெஸ் ஹால் சுவரில், லீவு லிஸ்ட்டுக்கும் தண்ணீர் நிற்கும் நேரத்தைச் சொல்லும் அறிவிப்புக்கும் நடுவில், சுரேஷ்குமார் அந்தத் தாளை ஒட்டினார். அடுத்த சீசனில் பேஸ்பால் ஆடப்போகும் பதினைந்து பேர். போன வருஷம் ஒரு டீமுக்கு இருபது பேர் என்றிருந்த லீக், இந்த வருஷம் பதினைந்துதான் என்று சொல்லிவிட்டது. ஐந்து பேரைக் கழற்றியாக வேண்டும்.

அன்பரசன் மேலிருந்து கீழே ஒருமுறை படித்தான். கீழிருந்து மேலே இன்னொருமுறை. கேட்சர் என்று போட்ட இடத்தில் அவன் பெயர் இருந்தது. பந்து எறியும் பிட்சர் என்ற இடத்தில் ஜெயசீலன் பெயர். சோலைமுத்து எங்குமே இல்லை.

"யாரு சார் இந்த லிஸ்ட்டப் போட்டது?"

"நாந்தான். டீம் மேனேஜர் வேற எவன் போடுவான்?"

"சோலைமுத்தண்ணன் இல்லாம பிட்சிங்கா? ஒங்களுக்கு என்ன சார் கிறுக்கா புடிச்சிருக்கு?"

ஹாலில் பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை நிறுத்தினார்கள். லாஜிஸ்டிக்ஸ் சூப்பர்வைசரிடம் ஸ்டோர் அசிஸ்டென்ட் ஒருவன் இப்படிப் பேசி துபாய் அல் கூஸில் அந்த கேம்ப் பார்த்ததில்லை. அன்பரசனுக்கே தன் குரல் யாருடையதோ போலத்தான் கேட்டது.

ஏ.சி. உதிரிபாகக் கிடங்கில் வேலை செய்யும் தமிழ் ஆட்கள் பேஸ்பால் ஆடுவதே ஒரு வேடிக்கை. அங்கே முன்பு இருந்த ஜப்பான்கார எஞ்சினியர் ஒருவர் பழக்கிவிட்டுப் போனார். அவர் ஊருக்குப் போய்விட்டார், மட்டையும் பந்தும் முகக்கூண்டும் இங்கேயே தங்கிவிட்டன. நவம்பர் தொடங்கி மார்ச் வரை, ஞாயிற்றுக்கிழமைகளில், எட்டு கம்பெனி டீம்கள் ஆடும். பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது. இவர்கள் தோற்கப் பிறந்தவர்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், சோலைமுத்து மேட்டில் ஏறிப் பந்தைக் கையில் எடுக்கும் வரை.

சோலைமுத்துவுக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். கல்ஃபுக்கு வருவதற்கு முன் சென்னையில் ஒன்பது வருஷம் கட்டட வேலை. கீழே நின்று செங்கல்லை மேலே எறிகிற ஆள். முதல் மாடி, இரண்டாம் மாடி, சாரத்தில் நிற்கும் கொத்தனார் கையை மட்டும் நீட்டுவார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கல் உள்ளங்கையில் வந்து உட்காரும். ஒன்று தப்பினால் மண்டை போகும். ஒன்பது வருஷத்தில் எந்த மண்டையும் போகவில்லை. அந்தக் கைதான் அறுபதடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அன்பரசனுக்குப் பந்தை எறிந்தது.

அன்பரசன் கேட்சர் ஆனது வேறு யாரும் வராததால். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கூண்டை மாட்டிக்கொண்டு, மட்டையை ஏமாற்றி வரும் ஒவ்வொரு பந்தையும் பிடிக்க வேண்டும். மூட்டு கழன்றுபோகும். ஆனால் அவனுக்கு அது பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ அவன் கையில் பேனா அல்லாத ஒன்றைக் கொடுத்தார்கள்.

அவன் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் அவன். அதனால் பெரம்பலூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தத் தெருவில் ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், நகைக்கடன் ஃபாரம் எல்லாம் அவன் தலையில். பி.எஸ்ஸி. கணிதம் முடித்து வேலை தேடிய இரண்டு வருஷமும் அவன் ஊருக்கு எழுதிக்கொடுத்தான், ஊர் அவனுக்கு ஒன்றும் எழுதவில்லை. துபாய் வந்தும் அதே கதை. பேங்க் ஃபாரம், இன்சூரன்ஸ் ஃபாரம், யாரோ ஒருவன் பெண்டாட்டிக்கு பாஸ்போர்ட் ஃபாரம். "படிச்ச புள்ள, ஒரு நிமிசம் வா." அந்தச் சொல்லைக் கேட்டாலே அவனுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். கூடவே, அந்தச் சொல் இல்லாவிட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்ற பயமும் வரும்.

ஸ்கோர் நோட்டும் அப்படித்தான் அவனிடம் வந்தது. கட்டம் கட்டமாக இங்கிலீஷ் எழுத்துகள். வேறு யாருக்கும் தலைகால் புரியவில்லை. ஆடுபவனே நோட்டு எழுதக் கூடாது என்று எந்த டீமிலும் சொல்வார்கள். இங்கே அது யாருக்கும் தோன்றவில்லை. படித்தவன் இருக்கும்போது வேறு எவன் எழுதுவான்? கூண்டைக் கழற்றி வைத்துவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட, நடந்ததை ஞாபகத்திலிருந்து அவன் எழுதுவான்.

சுரேஷ்குமார் சாப்பாட்டு மேசைமேல் அந்த நோட்டைப் போட்டார்.

"கத்தாதப்பா. நானா சொல்றேன்? இது சொல்லுது. பத்து மேட்ச்சுல சோலைமுத்து முப்பத்தியொரு வைல்ட் பிட்ச். கேட்சர் புடிக்கவே முடியாத மாதிரி கண்ட பக்கமும் எறிஞ்சிருக்கான். அதுல மட்டும் பதினேழு ரன் போச்சு. பொங்கலுக்கு அப்புறம் வேகமும் போச்சு, அடிச்சு நொறுக்கிப்போட்டானுக. இவன வெச்சு நான் என்ன பண்றது?"

"அவரு கையப் பத்தி ஒங்களுக்கு என்ன சார் தெரியும்? ஆபீஸ்ல ஏ.சி.யில உக்காந்துட்டு நோட்டக் கூட்டிக் கழிச்சா போதுமா?"

"அட, இதென்ன கூத்தா இருக்குது! நோட்டு எழுதுனது யாரு?"

ஃபாரூக் சிரித்துவிட்டார். கேம்ப் வாசலில் மளிகைக் கடை வைத்திருக்கும் அதிராம்பட்டினத்துக்காரர். டீமுக்கு ஜெர்சி வாங்கிக் கொடுத்ததால் முதல் பேஸில் நிற்கும் உரிமையும் அவருக்குக் கிடைத்திருந்தது. "மாட்டுனியா மாப்ள. ஓங் கையெழுத்துதான். அச்சடிச்ச மாதிரி அழகா இருக்கு."

அன்பரசன் நோட்டைத் திறந்தான். அழகாகத்தான் இருந்தது. டபிள்யூ.பி., டபிள்யூ.பி., டபிள்யூ.பி. கேட்சருக்கு எட்டாமல் போன பந்து என்றால் அப்படி எழுத வேண்டும், பழி பிட்சருக்கு. கைக்கு வந்ததைக் கேட்சர் விட்டால் பி.பி. என்று எழுத வேண்டும், பழி கேட்சருக்கு. எது எது என்று முடிவு செய்வது எழுதுகிறவன். நோட்டு முழுக்க ஒரே ஒரு பி.பி.கூட இல்லை.

அவனுக்குக் காது சுட்டது.

முதல் மேட்ச்சில் ஒரு பந்து தரையில் பட்டு எகிறிப் போனது. பிடித்திருக்கலாம், பிடிக்க முடியாமலும் இருந்திருக்கலாம். டபிள்யூ.பி. என்று எழுதினான். அதில் ஒரு நியாயம் இருந்தது. அடுத்த மேட்ச்சில் இரண்டு. அதில் பாதி நியாயம். பிலிப்பைன்ஸ் டீமோடு ஆடியபோது ஒரு பந்து இடுப்பு உயரத்தில் நேராகக் கிளவுஸுக்கு வந்தது. மட்டை முகத்துக்கு முன்னால் வீசிப் போனதில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். பந்து கிளவுஸில் பட்டு நழுவி ஓடியது. அதற்கும் பேனா டபிள்யூ.பி. என்றுதான் போட்டது, ஒரு நொடிகூடத் தயங்காமல்.

ஏன் அப்படிச் செய்தான்? அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ரேங்க் கார்டு வந்தால் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்து, எங்காவது சிவப்பு மை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். அவன் கார்டில் ஒருநாளும் சிவப்பு இருந்ததில்லை. தாளில் தன் பெயருக்கு நேராக ஒரு தப்பு விழுந்தால் தாங்கிக்கொள்ள அவன் பழகவேயில்லை. இது காரணம்தானா, அல்லது இதுவும் ஒரு அழகான கையெழுத்துதானா?

கைகழுவும் இடத்திலிருந்து சோலைமுத்து வந்தார். லிஸ்ட்டை யாரோ படித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"விடு தம்பி. எதுக்கு சார்ட்டப் போயிச் சண்ட? பேப்பர்லதான் இருக்கே."

அந்த ஒரு சொல்லில் அன்பரசனுக்குள் ஏதோ வெடித்தது. சுரேஷ்குமார் மேல் இருந்த கோபம் அப்படியே சோலைமுத்து மேல் திரும்பியது.

"பேப்பர்ல இருந்தா? பேப்பர்ல இருந்தா ஒத்துக்குவீங்களாண்ணே? எறிஞ்சது நீங்கதானே? பந்து எங்க போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"நா என்னத்தக் கண்டேன். நீ எழுதுனா சரியாத்தான இருக்கும்."

"சரியில்ல! பொய்! நான் புடிக்காம விட்டத எல்லாம் நீங்க தப்பா எறிஞ்சதா எழுதி வச்சிருக்கேன்."

ஃபாரூக் மெதுவாகச் சொன்னார், "நல்ல மனசு மாப்ள ஒனக்கு. ஆனா அவரைக் காப்பாத்தணும்னு ஓம்மேல நீயே பழியப் போட்டுக்காத."

"காப்பாத்தலீங்க! நெசத்தச் சொல்றேன்!"

"போதும்ப்பா," என்றார் சுரேஷ்குமார். "இத்தன அழகா எழுதிப்போட்டு இன்னிக்கு இல்லைங்கறே. படிச்ச பையன் நீ, இப்படியெல்லாம் பேசாத. கலாஸ், லிஸ்ட் முடிஞ்சது."

பொய்யை எழுதியபோது நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் நல்ல மனசு என்கிறார்கள். அன்பரசனுக்கு அந்த ஹாலில் இருந்த அத்தனை தட்டுகளையும் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது.

சோலைமுத்து மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த பிலிப்பைன்ஸ்காரனுக்குப் போட்டது. இடுப்பு உயரம் வந்துச்சே."

"ஆமாண்ணே."

"அன்னைக்கே பஸ்ல ஒன்னக் கேட்டேன். தம்பி, அது நேராத்தான போச்சுன்னு."

"கேட்டீங்க."

"வெளிய விலகிருச்சுண்ணேன்னு சொன்ன."

"சொன்னேன்."

சோலைமுத்து ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில் கேட்பார், இன்னைக்கு எத்தனை போச்சு தம்பி என்று. நாலுண்ணே, அஞ்சுண்ணே என்று இவன் சொல்வான். அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வருவார். அப்போது அன்பரசன் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பான்.

"பொங்கலுக்கு அப்புறம் நா ஏன் மெதுவா எறிஞ்சேன் தெரியுமா?" சோலைமுத்துவின் குரல் ஏறவில்லை. "வேகமா எறிஞ்சா கை தப்புதுன்னு நெனச்சேன்டா. டூட்டி முடிஞ்சு ரூம்ல உக்காந்து விரல மாத்தி மாத்திப் புடிச்சுப் பாத்தேன். கண்ணு போச்சோன்னு கிளினிக்குல போயி டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். சாரத்துல நின்ன ஆளு ஒருத்தன் கையக்கூட நான் தப்புனதில்லடா."

முதல்முறையாக அவர் அவனை டா போட்டுப் பேசினார்.

"கிளவுஸ எடு," என்றார். "சார், நீங்களும் வாங்க."

கிடங்குக்குப் பின்னால் பழைய மரப்பலகைகள் அடுக்கிய மணல் திடல். செப்டம்பர் மதியம் இரண்டு மணி, காற்று அடுப்பு மாதிரி. சுரேஷ்குமார் தலையில் டவலைப் போட்டுக்கொண்டு நின்றார். அன்பரசன் குத்துக்காலிட்டான்.

முதல் மூன்று பந்துகள் மெதுவாக வந்தன. சோலைமுத்து நின்று விரல்களைப் பார்த்தார். பழைய பிடி எது என்று அவருக்கே மறந்துவிட்டது. பந்தை நான்கு விதமாகத் திருப்பினார். பிறகு அதை யோசிப்பதை விட்டுவிட்டு, அன்பரசனின் முகத்தை நேராகப் பார்த்து, எறிந்தார்.

பந்து கிளவுஸின் நடுவில் இடித்து மார்பில் மோதி விழுந்தது. அடுத்தது அதே இடம். அதற்கடுத்தது அதே இடம். அன்பரசன் கிளவுஸை நகர்த்தவே தேவையிருக்கவில்லை, பிடித்தால் மட்டும் போதும். பத்தில் நாலுதான் கிளவுஸில் நின்றது. மட்டை வீச ஆள்கூட இல்லை.

"நீ எந்திரி," என்றார் சுரேஷ்குமார். "ஜெயசீலா, உக்காரு."

ஜெயசீலன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன், அதிகம் பேசாதவன். வேண்டாவெறுப்பாகக் கூண்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பத்துக்கு ஒன்பது பிடித்தான்.

ஹாலுக்குத் திரும்பியதும் சுரேஷ்குமார் தாளைச் சுவரிலிருந்து எடுத்து, பிட்சர் என்ற இடத்தில் சோலைமுத்து என்றும் கேட்சர் என்ற இடத்தில் ஜெயசீலன் என்றும் திருத்தினார். பதினைந்துதான் கணக்கு. அன்பரசனின் பெயர்மேல் கோடு விழுந்தது. தன் பெயர் அடிபடுவதை அவன் பக்கத்தில் நின்று பார்த்தான். வலிக்கும் என்று நினைத்தது போலவே வலித்தது.

"ஸ்கோர் எழுதறவன் அந்தப் பதினஞ்சுல வரமாட்டான்ல?" ஃபாரூக் இழுத்தார். "புள்ள அதுக்காவது வரட்டுமே. நமக்கும் வேற ஆள் ஏது?"

"நோட்ட இவன் தொடக் கூடாது," என்றார் சோலைமுத்து.

"இல்ல, இப்பத்தான் திருந்தி..."

"தொடக் கூடாதுன்னேன்ல."

இத்தனை வருஷமாக யாராவது இந்தப் பேனாவைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்களா என்று அன்பரசன் ஏங்கியிருந்தான். இப்போது பிடுங்கிக்கொண்டார்கள். நிம்மதி வரவில்லை. தான் இத்தனை காலம் கோபப்பட்டது பேனாவைக் கொடுத்தவர்கள் மேலா, அதை வைத்துத் தான் செய்ததன் மேலா என்று கேட்டுக்கொண்டான். பதில் எதுவாக இருந்தாலும் பொங்கலுக்குப் பிறகு சோலைமுத்து இழந்த மாதங்கள் திரும்பி வராது.

"அண்ணே, மன்னிச்..."

"அதெல்லாம் வேணாம்." சோலைமுத்து பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை அவன் பக்கம் தள்ளினார். "படிக்க மட்டும் செய்யி. முப்பத்தொண்ணையும் ஒவ்வொண்ணா சொல்லு. எது என் கை, எது ஓங் கை. எனக்குத் தெரியணும்."

அன்பரசன் எதிரே உட்கார்ந்தான். முதலாவது, தரையில் பட்டு எகிறியது. சந்தேகம்தான். இரண்டாவது அவனுடையது. மூன்றாவது நிஜமாகவே சோலைமுத்துவுடையது, காலுக்கு அடியில் போனது. அதைக் கேட்டு சோலைமுத்து தலையசைத்தார். நான்கு, ஐந்து, ஆறு அவனுடையவை. சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவதில் அவன் நின்றான்.

"என்ன?"

"ஞாபகம் இல்லண்ணே."

"யாரு கைன்னு?"

"தெரியல."

"தெரியாததுக்கு என்ன எழுதிருக்க?"

"டபிள்யூ.பி."

"அப்படின்னா?"

"ஒங்க தப்புன்னு."

மடக்கிய விரலை சோலைமுத்து விரிக்கவுமில்லை, அடுத்த விரலை மடக்கவுமில்லை.

"மேல படி," என்றார்.