பிக்கப்புதான், ஆனா பிக்கப்பு இல்ல

மார்கழியில் கல்யாணம் கிடையாது. வண்டி தேட என் அக்காவுக்குக் கிடைத்தது அந்த ஒரு மாதம்தான்.

அவள் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு சக்கர டிரெய்லரில் பூட்டிய டீசல் ஜெனரேட்டர். அதை மண்டபத்துக்கு மண்டபம் இழுத்துப் போக ஒரு வாடகை ஜீப். ஜீப்காரர் ஒருமுறை வராமல் போனதில் அத்திபெலேயில் ஒரு மாப்பிள்ளை மேடையில் இருட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த மண்டபத்து மேனேஜர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "சொந்த வண்டியோட வாங்க, தை மாசத்துலேந்து எல்லா முகூர்த்தமும் உங்களுக்கே. இல்லேன்னா ஓசூர் பார்ட்டி ரெடியா இருக்கான்."

பழைய வண்டி விற்கும் தரகர் ஒருவருக்கு அக்கா போன் செய்து, "நல்ல பிக்கப்பா ஒண்ணு வேணும்" என்றாள். பின்பக்கம் திறந்த, சரக்கு ஏற்றும் வண்டியைத்தான் அவள் சொன்னாள். பெங்களூரில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி எவ்வளவு சீக்கிரம் பாய்கிறது என்பது. தரகர் எடுத்துக்கொண்டது இரண்டாவதை.

பொம்மனஹள்ளியில் அவருடைய யார்டுக்கு நானும் போனேன். பத்திரிகை அலுவலகத்தில் எனக்கு அன்று விடுமுறை. எனக்கு வண்டிகளைப் பற்றி எதுவும் தெரியாது என்பது அக்காவுக்குத் தெரியும். பக்கத்தில் ஓர் ஆண் நின்றால் தரகர்கள் கொஞ்சம் அடங்கிப் பேசுவார்கள் என்பதே அவள் கணக்கு. வாடகை ஜீப்பில் ஜெனரேட்டரையும் இழுத்து வரச் செய்திருந்தாள்.

முதல் வண்டி வெள்ளை நிறம். பின்னால் கொக்கி இருந்தது. அக்கா குனிந்து அடியில் பார்த்தாள். கொக்கியை அடிச்சட்டத்தில் பூட்டாமல் பம்பரில் வெல்டு வைத்திருந்தார்கள்.

"இதுல இழுத்தா பம்பர் மட்டும் கல்யாணத்துக்கு வரும். ஜெனரேட்டர் ரோட்லயே நிக்கும்" என்றாள்.

தரகர் அவளை விட்டுவிட்டு என்னிடம் திரும்பிக் கன்னடம் கலந்து சொன்னார். "சார், இத நோடி, பாருங்க. சக்கத் பிக்கப்பு, பிரமாதம்! கால வெச்சா பறக்கும்." கார் போல முகம் கொண்ட சிவப்பு வண்டி. மெழுகு போட்டுத் துடைத்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்.

"அவன்கிட்ட ஏன் சொல்றீங்க? அவன் சைக்கிள்லேந்தே விழுவான்" என்றாள் அக்கா. பிறகு யார்டின் மூலையைக் காட்டினாள். "அது என்ன வண்டி?"

ஜீப் மூக்கு வைத்த சாம்பல் நிற வண்டி. அதன் மேல் யாரோ சாக்குகளைக் காயப் போட்டிருந்தார்கள்.

"அது பேடா மேடம், வேணாம்."

"ஏன்? அதுவும் பிக்கப்புதானே?"

"பிக்கப்புதான். ஆனா பிக்கப்பு இல்ல."

அக்கா சிரித்த சிரிப்பில் யார்டு மெக்கானிக் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். அந்த நிமிடம்தான் இருவருக்கும் போனில் நடந்த குழப்பம் புரிந்தது. "எனக்குப் பறக்க வேணாம்ண்ணா, இழுக்கணும்" என்றாள்.

யார்டுக்குப் பின்னால் ஏரிக்கரை மேல் ஏறும் பாதை ஒன்று இருந்தது. இரண்டு வண்டியிலும் ஜெனரேட்டரை மாட்டி அங்கே பார்த்துவிடலாம் என்றாள். கேபிள் சுருள்களும் டீசல் கேன்களும் வழக்கம்போல வண்டியின் முதுகில் ஏறின. நடு ஏற்றத்தில் நிறுத்தி, திரும்பக் கிளப்ப வேண்டும். இதுதான் பரீட்சை. சக்கரத்துக்குக் கல் வைக்க மெக்கானிக் கூடவே நடந்தார்.

சிவப்பு வண்டியைத் தரகரே ஓட்டினார். பாதி ஏற்றம் வரை ஜோராகப் போனது. நின்று கிளம்பும்போது என்ஜின் அலறியது, கிளட்ச் கருகும் வாசனை வந்தது, வண்டி பின்னால் நழுவியது. மெக்கானிக் கல்லைப் போட்டார். மறுபடியும் அதேதான்.

கூரையில் சாக்குகள் அப்படியே கிடக்க, சாம்பல் வண்டியில் அக்கா ஏறினாள்.

"மேடம், நீங்களா ஓட்றீங்க?"

"நான்தானே வாங்கறேன்?"

நடு ஏற்றத்தில் நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள். முதல் கியர். வண்டி ஒரு முறை உறுமியது, மூக்கைக் கொஞ்சம் தூக்கியது, நடக்கும் வேகத்தில் ஏறத் தொடங்கியது. மெக்கானிக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். கடைசிவரை அதைக் கீழே வைக்கும் அவசியம் வரவில்லை. கரை மேல் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். தரகர் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தபோது அக்கா என்ஜினை அணைத்திருந்தாள்.

"சாக்க எடுக்கச் சொல்றேன்க்கா" என்றார். அதுவரை அவர் அவளை அக்கா என்று அழைக்கவில்லை.

தையில் முதல் முகூர்த்தம். மாலை ரிசப்ஷனுக்கு மதியமே அத்திபெலே போய்ச் சேர்ந்தோம். வழியில் ஓசூர் ரோட்டில் எங்களை முந்தாத வண்டி இல்லை. அக்கா கவலைப்படவில்லை.

மண்டபத்து வாசலில் ஓசூர் பார்ட்டி தன் ஜெனரேட்டரோடு நின்றிருந்தார். மேனேஜர் எதற்கும் இருக்கட்டும் என்று அவரையும் வரவழைத்திருந்தார். பக்கவாட்டு கேட் குறுகல். டிரெய்லரைப் பின்னால் தள்ளி உள்ளே விடுவது, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் செய்யும் வேலை. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா கண்ணாடியை மட்டும் பார்த்து, ஒரே தடவையில், தூணில் உரசாமல் உள்ளே விட்டாள்.

மேனேஜர் வண்டியைச் சுற்றி வந்தார். இதுவும் வாடகை வண்டியோ என்று சந்தேகப்பட்டவர்போல நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்து, "யாருது இது?" என்றார்.

"என்னுது."

அவர் வாசலுக்குப் போனார். "அண்ணா, நீங்க கெளம்பலாம். நம்ம பார்ட்டி வந்தாச்சு" என்று அவர் சொன்னது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

அக்கா ஹாரனை ஒருமுறை நீளமாக அடித்தாள். பிறகுதான் இறங்கினாள்.