பஞ்சு சிஸ்டரின் கடைவாய்ப் பல்லும் கண்ணாடி இயர்பட்ஸும்

பல் கிளினிக்கில் ஊசி போடுவது, குடைவது, பிடுங்குவது எல்லாம் டாக்டரம்மாவின் வேலை. அதற்கு முன்னும் பின்னும் நடப்பவை பஞ்சு சிஸ்டரின் வேலை. வந்தவரை நாற்காலியில் சாய்க்க வேண்டும், கழுத்தில் நீல ஏப்ரன் கட்ட வேண்டும், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க வேண்டும், ரத்தம் வந்தால் பஞ்சை வைத்து "கடிச்சுப் பிடிங்க, துப்பாதீங்க, பேசவே பேசாதீங்க" என்று அதட்ட வேண்டும். அந்தப் பஞ்சுதான் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிற அன்று மட்டும் வெளியே வந்துவிட்டு உள்ளே போய்விடும்.

நாற்காலியில் சாய்கிற ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே வசனத்தைச் சொல்வாள். "ஒண்ணுமே இல்லங்க, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." சொல்கிற விதத்தில் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். ஆனால் அந்த எறும்பு அவளை ஒருநாளும் கடித்ததில்லை. கிளினிக் திறந்த நாள் முதல் அந்த நாற்காலியைத் துடைத்து வருகிறாளே தவிர, அதில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. சும்மா இருக்கிற நேரத்தில் பல்லைச் சுத்தம் செய்துவிடுகிறேன் என்று டாக்டரம்மா ஒருமுறை கூப்பிட்டதற்கு, கழுவ வேண்டிய சாமான் கிடக்கிறது என்று பின்கட்டுக்கு ஓடியவள்தான். ஊருக்கு உபதேசம் என்பது வேறு யாருக்காகச் சொல்லப்பட்டதோ தெரியாது, பஞ்சு சிஸ்டருக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும்.

வலிக்கு அவள் பயப்படவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஊசி போட்டால் மரத்துவிடும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பயமெல்லாம் சத்தத்துக்குத்தான். பல்லைக் குடைகிற மிஷின் போடுகிற அந்தக் கீச்சுச் சத்தம். அடுத்தவர் வாயில் ஓடும்போது அது வேலையின் சத்தம், காதிலேயே விழாது. அது தன் வாயில் ஓடுவதாக நினைத்தால் போதும், கை தானாகக் காதைப் பொத்திக்கொள்ளும். இப்போது நினைக்காமலும் இருக்க முடியவில்லை. வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்திருந்தது.

மறைத்துத்தான் வைத்திருந்தாள். பல் டாக்டரிடம் பல்லை எத்தனை நாள் மறைப்பது?

"அக்கா, வாயத் திறங்க" என்றார் டாக்டரம்மா ஒருநாள், டீ குடிக்கும்போது.

"எதுக்கு டாக்டர்? எனக்கு ஒண்ணுமில்ல."

"ஒரு மாசமா இடது பக்கமே மென்னுட்டிருக்கீங்க. மாடுகூட ரெண்டு பக்கமும் மெல்லும். திறங்க."

திறந்தாள். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "இப்பவே குடைஞ்சு அடைச்சா பல்லு தப்பிக்கும். இன்னும் கொஞ்ச நாள் விட்டீங்க, வேருக்குப் போயிடும். அப்புறம் பிடுங்கறதுதான். வர்ற சனிக்கிழமை, கடைசி ஆள் போனதும் நீங்கதான் அக்கா" என்றார். டாக்டரம்மா வயதில் சின்னவர்தான், ஆனால் சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைதான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மரவேலை செய்கிற கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். காலேஜில் படிக்கிற மகள்தான் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஒரு யோசனையும் சொன்னாள்.

"சத்தம்தானம்மா உனக்குப் பிரச்சனை? காத அடைச்சுட்டா முடிஞ்சுது. இயர்பட்ஸ் வாங்கலாம். சுத்தியிருக்கிற சத்தத்த அமுக்கிடும், உள்ள பாட்டு ஓடும்."

"அதெல்லாம் யானை விலை சொல்லுவான்."

"இப்பல்லாம் பூனை விலைக்கே கிடைக்குது, பாரு."

அப்படித்தான் அது வீட்டுக்கு வந்தது. தொலைந்தால் ஒருநாள் வருத்தப்படுகிற விலை, ஒரு வாரம் வருத்தப்படுகிற விலை இல்லை. டப்பாவும் கண்ணாடி மாதிரி, காதில் வைக்கிற துண்டும் கண்ணாடி மாதிரி. உள்ளே இருக்கிற பச்சைத் தகடு, செம்புக் கம்பிச் சுருள், பொட்டு அளவு பேட்டரி எல்லாம் அப்படியே வெளியே தெரிந்தன. கணவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பாலிஷ் போடறதுக்கு முன்னாடியே வித்துட்டானா?"

"அதுதாம்ப்பா ஸ்டைலு!"

பஞ்சு சிஸ்டருக்கு ஸ்டைலைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் பார்த்ததுமே பிடித்துவிட்டது. கிளினிக்கில் கழுவிய சாமான் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவள் அவள். இதில் அழுக்கு இருந்தால் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பது அவளுக்கு மிகப் பெரிய குணமாகப் பட்டது.

பிடித்திருக்கிறது என்பதற்காகச் சும்மா நம்பிவிடுகிற ஆளும் இல்லை. பரீட்சை தொடங்கியது. மகள் பாட்டுப் போட்டுக் கேட்டுவிட்டு, குரல் நன்றாக இருக்கிறது, மத்தளம்தான் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாள். பஞ்சு சிஸ்டர் தன் தங்கைக்குப் போன் போட்டுப் பேசினால், "ஏன்க்கா குடத்துக்குள்ள தலைய விட்டுட்டுப் பேசற?" என்று கேட்டாள் தங்கை. டப்பாவின் மூடி கொஞ்சம் லொடலொட என்றிருந்தது. இதெல்லாம் மன்னிக்கக்கூடிய குறைகள். மன்னிக்க முடியாத குறை ஒன்று அடுத்த நாள் தெரிந்தது. வாயை அகலமாக 'ஆ' என்று திறந்தால் காதுக்குள் ஏதோ அசைந்து, துண்டு வழுக்கிக் கீழே விழுந்தது. பல் டாக்டரிடம் வாயை மூடிக்கொண்டா உட்கார முடியும்?

கூட வந்த ரப்பர் மூடிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். இருப்பதிலேயே சின்னது நின்றது. நிற்கிறதா என்று உறுதி செய்வதற்காக வாயைத் திறந்தபடியே வீடு பெருக்கினாள், வாயைத் திறந்தபடியே துணி மடித்தாள். ஏணி இரவல் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஏணியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிப் போய், மகளுக்குப் போன் போட்டு, "அம்மாவ உடனே யார்கிட்டயாவது காட்டுங்க" என்றாள்.

கடைசிப் பரீட்சைக்குக் கணவரின் துளை மிஷின் உதவியது. அவள் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார, அவர் அவள் காதருகில் ஒரு பலகையை வைத்துத் துளை போட்டார்.

"கேக்குதா?" என்று கத்தினார். பதில் இல்லை. "கேக்குதான்னு கேக்கறேன்!" பதில் இல்லை. மிஷினை நிறுத்தி, அவள் காதிலிருந்து ஒன்றைக் கழற்றினார். "கல்யாணம் ஆனதுலேருந்து நான் சத்தம் போட்டு நீ பதில் பேசாம இருந்தது இன்னைக்குத்தான். தங்கமான பொருளு. இன்னொண்ணு வேணும்னாலும் வாங்கு."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். பஞ்சு சிஸ்டர் அதற்கு மேல் ஒரு படி போய், முதலில் அடுத்தவர் காலை விட்டுப் பார்க்கலாம் என்று தீர்மானித்தாள். நோயாளிகளின் பயம் குறையும் என்று டாக்டரம்மாவிடம் சொல்லி இயர்பட்ஸை நீட்டினாள். டாக்டரம்மா அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "செய்ங்கக்கா, செஞ்சு பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

முதலில் சிக்கியவர் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற காவலர். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார், மீசை கன்னத்தைத் தாண்டும். நாற்காலியில் சாய்ந்ததும் அந்த மீசையே ஆடியது. பஞ்சு சிஸ்டர் அவர் காதில் இயர்பட்ஸை வைத்து, மெதுவான பாட்டாகப் பார்த்துப் போட்டாள். பாதியில் சரிசெய்யக் கை வைத்தபோது கையுறை விரல் பட்டு, பாட்டு மாறிக் குத்துப்பாட்டு ஓடியது. துப்பாக்கிக்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காலால் தாளம் போட்டார், அல்லது கால் தானாக உதறியது, எதுவென்று சொல்வது கஷ்டம்.

எல்லாம் முடிந்ததும் அவள் குனிந்து கேட்டாள். "சொல்லுங்க, மிஷின் சத்தம் கேட்டுதா? உண்மையச் சொல்லுங்க."

துப்பாக்கிக்காரர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். மரத்துப்போன வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "இல்ல ஷிஷ்டர். ஒண்ணுமே கேக்கல."

அடுத்து வந்தது துணி தைக்கிற அம்மாள். "அத ஏன் கேக்கறீங்க சிஸ்டர், நான் அப்படியே தூங்கிட்டேன்" என்றாள். அதற்கடுத்து வந்தவர்களும் அதையேதான் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் பிறகு ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, டப்பாவில் வைத்தாள். நாளுக்கு நாள் அவள் நடையே மாறியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், "இது இல்லாம பல் டாக்டர்கிட்டப் போறதே முட்டாள்தனம்" என்று மருந்துக்கடைக்காரரிடம் அவர் கேட்காமலே சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை கணவர் துணைக்கு வந்தார். துணைக்கு என்று அவர் சொன்னார். ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். கடைசி ஆள் போனதும்தான் ஒரு சிக்கல் புரிந்தது. சிஸ்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டால் குழாயை யார் பிடிப்பது? டாக்டரம்மா கணவரைப் பார்த்தார்.

"மரத்தூள் உறிஞ்சற குழாய் மாதிரிதானே டாக்டர்? குடுங்க" என்று அவர் கையுறையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

ஊசியைப் பஞ்சு சிஸ்டர் கண் சிமிட்டாமல் வாங்கிக்கொண்டாள். நாக்கும் உதடும் கனத்துப் போயின. இயர்பட்ஸை மாட்டினாள், பாட்டு தொடங்கியது. ஏசி சத்தம் போயிற்று, தெருச் சத்தம் போயிற்று. டாக்டரம்மாவின் மாஸ்க் அசைந்தது, பேச்சு கேட்கவில்லை. மிஷின் முகத்தருகில் வந்து சுழன்றது. சுழல்வது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் துளிகூட இல்லை. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று அவளுக்குச் சிரிப்பே வந்தது.

மிஷின் பல்லைத் தொட்டது.

சத்தம் காது வழியாக வரவில்லை. பல்லிலேயே பிறந்து, தாடை எலும்பில் ஏறி, மண்டை முழுக்க நிறைந்தது. காதை அடைத்திருந்ததால் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிறுகிறுவென்று சுற்றியது. பாட்டு எங்கோ ஒரு மூலையில் கொசு மாதிரி முனகிக்கொண்டிருந்தது. அவள் இடது கையைத் தூக்கினாள். டாக்டரம்மா உடனே நிறுத்தினார். அவள் ஒரு காதிலிருந்து அதைக் கழற்றினாள்.

"டாட்டர்! ஷத்தம் உள்ளேர்ந்து வருது!"

"ஆமாக்கா. எலும்பு வழியா வருது. எல்லாருக்கும் அப்படித்தான். காத அடைச்சா இன்னும் ஜாஸ்தியாத்தான் கேக்கும்."

"தெரிஞ்சேவா ஷொல்லாம இருந்தீங்க?"

"சொல்லியிருந்தா நீங்க இன்னைக்கு இந்த நாற்காலில உக்காந்திருப்பீங்களா?"

பல்லைக் குடையத் தொடங்கியாயிற்று, இந்த நிலையில் எழுந்து போக முடியாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? மற்றதையும் கழற்றி, இரண்டையும் கணவரின் சட்டைப் பையில் போட்டாள். அப்புறம்தான் அந்தக் கேள்வி மூளையில் உறைத்தது. எல்லாருக்கும் கேட்கும் என்றால், கேட்கவே இல்லை என்று சொன்னார்களே, அவர்கள்? கேட்க வாயெடுத்தாள். கணவர் குழாயை உள்ளே விட்டுவிட்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள். அதற்கும் அங்கே வழியில்லை. மிஷின் மறுபடி தொட்டது, மண்டை மறுபடி நிறைந்தது. பயம் எங்கேயாவது போக வேண்டுமே, அது கோபமாக மாறியது. அவள் மனதுக்குள் ஒவ்வொருவராக நிறுத்தி வைத்துத் திட்டினாள். அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய பொய்யா? கையில் துப்பாக்கி வேறு! அந்தத் தையல்காரி, தூங்கினாளாமே தூங்கினாள்! நாளைக்கே துணி ரெடி என்று சொல்கிற வாய்தானே, வேறென்ன வரும்? மருந்துக்கடைக்காரரின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? திட்டவேண்டியவர்களில் கடைசி ஆளிடம் வந்தபோது, "வாய் கொப்பளிங்கக்கா, முடிஞ்சுது" என்றார் டாக்டரம்மா.

பல் பிழைத்துவிட்டது. கணவர் எட்டிப் பார்த்து, "நாங்க மரத்துல ஓட்டைக்குப் பட்டி வச்சு அடைக்கற மாதிரியேதான்" என்று மெச்சினார். பஞ்சு சிஸ்டருக்கு அழுகை வந்தது. இத்தனை பேரை அடக்கியவள் நாம் அழுவதா என்று நினைத்தாள். பிறகு, அழுதால் என்ன குடி முழுகிவிடும் என்று நன்றாகவே அழுதாள்.

அடுத்த வாரம் துப்பாக்கிக்காரர் இன்னொரு பல்லுக்கு வந்தார். சாய்ந்துகொண்டு தானாகவே காதைக் காட்டினார்.

"சிஸ்டர், அந்தக் கண்ணாடி சாமான் எங்க?"

"என் பொண்ணு காலேஜுக்குப் போட்டுட்டுப் போறா. குடுக்கற காசுக்குப் பாட்டு நல்லாத்தான் இருக்கு, துடைக்கவும் சுலபம். பல்லுக்கு மட்டும் ஆகாது." ஏப்ரனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "எதுக்குங்க பொய் சொன்னீங்க? சத்தம் மண்டைக்குள்ள இடிச்சிருக்குமே. நானும் உக்காந்தேன், எனக்குத் தெரியும்."

துப்பாக்கிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"கேட்டுச்சு சிஸ்டர். உயிரே போற மாதிரி கேட்டுச்சு."

"அப்புறம்?"

"நீங்க குனிஞ்சு கேட்டீங்க பாருங்க, அப்ப உங்க கையெல்லாம் நடுங்குச்சு. மாஸ்க்குக்கு மேல கண்ணு ரெண்டையும் பாக்கவே முடியல. நானே பயந்தாங்கொள்ளி, என்னவிட இவங்க பயந்திருக்காங்களே, பாவம், எதையாவது சொல்லித் தைரியம் குடுப்போம்னுதான்..."

பஞ்சு சிஸ்டர் குனிந்து அவர் கழுத்தில் ஏப்ரனைக் கட்டினாள். கட்டும்போது விரல் நடுங்குகிறதா என்று இரண்டு பேருமே பார்த்தார்கள். நடுங்கவில்லை.