நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது

கூத்தாநல்லூரிலிருந்து நூர்ஜஹான் மேடத்தின் தம்பி போன் செய்தபோது நான் மன்னார்குடி பஸ்ஸில் இருந்தேன். "லாத்தா மௌத்தாயிட்டாங்க சார்" என்றார். அக்கா இறந்துவிட்டார் என்று அவர் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனி எங்கள் நிலையத்தின் கூட்டம் நடத்த ஆள் போதாதே என்ற நினைப்பு. சீ என்றாகிவிட்டது. ஆனால் அவரைத் தெரிந்த நீங்கள் என்னைத் திட்டமாட்டீர்கள். அவரும் அதைத்தான் முதலில் நினைத்திருப்பார்.

சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு பகல்நேரப் பயிற்சி நிலையம் தொடங்க நினைத்தபோது, டிரஸ்ட் போதும் என்றேன் நான். வளைகுடாவில் கம்பெனி நிர்வாக வேலை பார்த்துத் திரும்பியிருந்த அவர், லாபநோக்கற்ற கம்பெனிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மிஞ்சுவதை யாரும் பங்கு போட முடியாது, நிலையத்துக்கே திரும்பும். "இது நம்ம கம்பெனி இல்ல சார். நாமதான் இதோட ஆளுங்க. நாம போனாலும் இது நிக்கணும்" என்றார். "லாபமில்லாத கம்பெனியா? அதைத்தானே இருபது வருசமா நடத்துறேன்!" என்று கடைத்தெரு ஜவுளிக்கடைக்காரர் சிரித்தார். மேடமும் சிரித்துவிட்டு அவரையே உறுப்பினராக்கிவிட்டார்.

இயக்குநர்கள் நாங்கள் இருவர்தான். இருவருக்கும் நடுவே, கூட்டத்தில் நடந்ததை மேடம் எழுதிவைக்கும் மினிட்ஸ் புத்தகம். ஒருமுறை நெல் டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கால்மணி தாமதமாகப் போனேன். பத்து மணி என்றே எழுதிவிடுங்கள் என்றேன். "பொய்யா எழுதச் சொல்றீங்க?" என்று பத்தேகால் என்றே எழுதினார். அன்று முழுக்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது இயக்குநராகச் செல்வியைச் சேர்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவர் செல்வி. அவர் மகள்தான் நிலையத்தில் சேர்ந்த முதல் குழந்தை. "பிள்ளைங்களுக்கு என்ன வேணும்னு நம்மளவிட அவங்களுக்குத் தெரியும் சார். நம்மள்ல ஒருத்தர் போயிட்டா மத்தவர் தனியா கூட்டம் போட முடியாது, பாத்துக்குங்க" என்றார். "அவங்களுக்கு ஃபைல் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் வாயில் வேறென்ன வரும்? ஒவ்வொரு முறையும் "அடுத்த கூட்டத்துல பாப்போம்" என்பேன். மூன்று வருடம் அப்படியே ஓடியது.

இப்போது நிலையத்தின் வாடகை ஒப்பந்தம் முடியப்போகிறது. புதுப்பிக்க இயக்குநர்களின் தீர்மானம் வேண்டும். தனியாளாக நான் போட முடியாது. மிஞ்சிய ஒற்றை இயக்குநருக்குச் சட்டம் விட்டுவைத்திருப்பது இன்னொருவரைச் சேர்ப்பதும், உறுப்பினர்களின் பொதுக்கூட்டத்தைக் கூட்டுவதும்தான். புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். கூட்டத்துக்குக் கூட்டம் அவருடைய குண்டு எழுத்தில் ஒரே வரி: "மூன்றாவது இயக்குநர் நியமனம் நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது."

நேரமா இல்லை? சமோசா தின்றுகொண்டு அரைமணி அரட்டை அடித்திருக்கிறோம். பத்தேகாலைப் பத்து என்று எழுத மறுத்தவர், என் மரியாதை கெட்டுவிடக்கூடாது என்று இதை எழுதியிருக்கிறார். கீழே என் கையெழுத்து இருக்கிறது. செல்விக்கு ஃபைல் படிக்கத் தெரியுமா என்று கேட்ட நான், ஒன்றைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் இருக்கும்போதே இதைப் பார்த்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

மறுநாள் செல்வியைத் தேடிப்போனேன். களையெடுத்துக்கொண்டிருந்தவர், வாய்க்காலில் கை கழுவிவிட்டு வரப்புக்கு வந்தார். விஷயத்தைச் சொல்லி, இயக்குநராகச் சேரும்படி கேட்டேன்.

"மேடம் அப்பவே கேட்டாங்க சார். சாருக்குத்தான் நேரமே அமைய மாட்டேங்குதுன்னாங்க. இப்ப நேரம் கிடைச்சிருச்சா சார்?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

மேடம் என்னைக் காப்பாற்ற எழுதிய அந்த ஒரே பொய்யை நானே வைத்துக்கொள்கிறேன். செல்வியிடம் அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நேரம் இருந்துச்சும்மா" என்றேன். "எனக்குத்தான் மனசு இல்ல."