மாரப்பனின் புதுப் போன் எடுத்த படம்

புதுப் போன் வாங்கலாமா, கேமரா நன்றாக இருக்குமா என்று யாராவது கேட்டால் எனக்கு மாரப்பன் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். கூடவே எரிச்சலும் வரும். என் அக்கா ராமக்காளின் கொழுந்தன் அவன். பாப்பாரப்பட்டியில் தக்காளி மண்டி வைத்திருக்கிறான்.

வருசம் தவறாமல் போனை மாற்றுவான். எடுக்கிற படத்தில் பாதிப் பேருக்குத் தலை இருக்காது, மீதியில் அவன் விரல் இருக்கும். கேட்டால், இந்தப் போன் சரியில்லை, அடுத்ததில் லென்ஸ் ஒன்று கூடுதலாக வருகிறது என்பான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். போன பங்குனி வரைக்கும் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

பங்குனியில் அவன் அண்ணன் காளியப்பன், அதாவது அக்கா புருசன், என் மாமா, செத்துப்போனார். எங்கள் பக்கம் பிணத்தைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, குடும்பமே சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வோம். அக்காவுக்கு அந்தப் படம் கட்டாயம் வேண்டும். கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. புருசனோடு அவள் இருக்கிற படம் வேறு ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் ஸ்டுடியோ ஆண்டோவை வரச் சொல்லியிருந்தேன். வந்தவனை மாரப்பன் வாசலிலேயே மறித்தான்.

“அந்த டப்பாவ எடுத்துக்கிட்டுப் போப்பா. எங்கண்ணன் படம் பழைய கேமராவுலயா வரணும்?”

சாவு வீட்டில் என்ன சண்டை போடுவது? ஆண்டோ போய்விட்டான். மாரப்பன் எல்லோரையும் நிற்கவைத்து, அக்காவை நாற்காலிக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு, தன் புதுப் போனிலேயே எடுத்தான். சாயங்காலம் மாமாவை அடக்கம் செய்துவிட்டோம்.

காரியத்தன்று பெரிய சட்டம் போட்ட படத்தைத் துணி போட்டு மூடிக் கொண்டுவந்தான். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கத் துணியை எடுத்தான். தாடைக்கட்டும் மாலையுமாக உட்கார்ந்திருந்த பிணத்துக்குக் கண்கள் இரண்டும் பளிச்சென்று திறந்திருந்தன. மாமாவுக்கு இடது கண்ணில் பூ விழுந்து வெகுகாலம். அந்தப் பூவும் இல்லை.

மாரப்பனுக்கோ பெருமை தாங்கவில்லை. ஒருத்தர் கண்ணை மூடியிருக்கிறார், சரிசெய்யட்டுமா என்று போனே கேட்டதாம். இவன் சரி என்று தட்டினானாம். பழைய போனில் இந்த வசதி ஏது என்று எங்களையே கேட்டான். முதலில் எடுத்த படம் எங்கே என்றேன்.

“அது எதுக்குங்க? கண்ணு மூடுன படம்தான, அப்பவே அழிச்சுட்டேன்.”

அவனை அங்கேயே அறைந்திருப்பேன். அதற்குள் அக்கா எழுந்து வந்துவிட்டாள். அவள் அழவில்லை. கண்ணாடிமேல் கை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“அவரு கண்ண எங் கையால நாந்தான் மூடி உட்டேன். இது யாரு கண்ணு, மாரப்பா?”