பயண ஜெபம்

பாஸ்டர் பிரெட்ரிக் ஜெபம் பண்ணினால் பயணம் நல்லபடியாக அமையும் என்று மலை முழுக்கப் பேர். தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கீழே இறங்கும் எந்தக் கிறிஸ்தவக் குடும்பமும், சாமான் ஏற்றிய லோரிமேல் அவர் கை வைத்து ஜெபிக்காமல் கிளம்பாது. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இப்படி வாயார வாழ்த்தி அனுப்பியே தன் சபையைத் தானே காலி செய்துவிட்டார் மனிதர். லயத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத் தொழிலாளர்கள். தகரக் கூரை போட்ட அந்தச் சின்னக் கோயிலுக்கு வருவது தோமஸும் அவர் மனைவி பார்பராவும் மட்டுந்தான்.

பார்பராவுக்கு மூச்சிரைப்பு. மலைக்குளிர் ஆகாது, கீழே கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈப்போவில் மகள் டெபோரா அறை ஒழித்துவைத்துக் காத்திருந்தாள். பக்கத்து ஊர் கம்போங் ராஜாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய பாஸ்டரிடம் தோமஸ் விஷயத்தைச் சொன்னார்.

"லோரி பேசிட்டேன் பாஸ்டர். நீங்க வந்து ஜெபம் பண்ணிட்டா கிளம்பிருவோம்."

பிரெட்ரிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். இவர்களும் போய்விட்டால் தோட்ட நிர்வாகம் கோயிலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பூட்டிய கோயிலுக்குப் பாஸ்டர் எதற்கு? இந்த வயதில் வேறு வேலையும் அவருக்குத் தெரியாது. வாய் கூசாமல் சொன்னார்.

"அவசரப்படாதீங்க தோமஸ். நானும் ஜெபத்துல வச்சுப் பாக்கறேன்லா. கர்த்தருடைய சித்தம் என்னன்னு தெரியட்டும். கிறிஸ்துமஸ் முடியட்டுமே."

"நீங்க சொன்னா சரி பாஸ்டர்." தோமஸ் அங்கேயே நின்று லோரிக்காரனுக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

பிரெட்ரிக் அதற்காக ஒரு நாளும் முழங்கால் போடவில்லை. போட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். ஞாயிறுதோறும் பார்பரா முக்காட்டுக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தாள். அவள் இருமி முடிக்கும்வரை பிரசங்கத்தை நிறுத்திவைத்துத் தொடர்ந்தார். கேட்க இரண்டு பேராவது இருக்கிறார்களே என்று சந்தோஷமும் பட்டார், பாவி மனுஷன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே பார்பரா போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்ததும் பிரெட்ரிக்குக்குப் பொறுக்கவில்லை. உண்மையைக் கொட்டிவிடத்தான் தோமஸிடம் போனார். டெபோரா பக்கத்தில் நின்றாள்.

"தோமஸ், நான் அன்னைக்கு உங்கள நிறுத்தினது..."

தோமஸ் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை நிறுத்துனீங்க பாஸ்டர். இல்லன்னா தெரியாத ஊர்ல போய்ச் செத்திருப்பா. பொறந்த தோட்டத்துலயே படுத்துட்டா. கர்த்தர் உங்களுக்கு முன்கூட்டியே காட்டிட்டாரு."

டெபோரா பாஸ்டரை நேராகப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "நீங்களாவது எங்கூட வாங்கப்பா."

"நான் எங்கம்மா வர்றது? அம்மா இங்கதான இருக்கா. பாஸ்டரும் ஒத்தையா என்ன செய்வாரு?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த ஆளும் போய்விடுவான் என்ற எண்ணம் குறுக்கே வந்தது. அப்படியொரு எண்ணம் வந்ததற்கே அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும், "ஞாயித்துக்கிழமை கோயில்ல பாப்போம் தோமஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த ஞாயிறு தோமஸ் சவரம் செய்து, சட்டையை மடிப்பு கலையாமல் போட்டுக்கொண்டு வந்தார். முன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தார்.

"என்ன பாட்டு பாஸ்டர்?" என்று கேட்டார்.

பிரெட்ரிக் பாட்டைச் சொன்னார். தோமஸ் எழுந்து நின்று பாடத் தொடங்கினார்.