தோலுக்குப் பதம் பார்க்கிறவர்

எங்கள் வீட்டில் ஒரு சட்டிக்கு மட்டும் அடுப்படிக்குள் இடமில்லை. பின்வளவு முந்திரிகை மரத்தின் தாழ்ந்த கொப்பில், கம்பியில் மாட்டி, வாய் கீழ்நோக்கித் தொங்குகிற பெரிய அலுமினியச் சட்டி அது. பன்றி இறைச்சி சமைப்பதற்கென்றே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு அகப்பை, ஒரு கத்தி. இந்த மூன்றும் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

அம்மா மண்டூர் முருகனுக்கு வருஷா வருஷம் நேர்த்தி வைப்பவர். விரதமில்லாத நாட்களில் மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆடு, கோழி எல்லாம் சமைப்பார். பன்றி மட்டும் வெளியே. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. அப்பா கல்யாணம் முடித்து இந்தக் குருக்கள்மடத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். ஆகவே சட்டத்தை எதிர்த்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "நான் வாடகை குடுக்காம இரிக்கிற ஆள்" என்று சொல்லிக்கொண்டே மரத்திலிருந்து சட்டியைக் கழற்றுவார்.

இறைச்சி கொண்டுவருபவர் மாமா, அம்மாவின் தம்பி. மண்டூரில் கல்யாணம் முடித்து அங்கேயே இருக்கிறார். அவருக்குப் பழக்கமான ஒருவர் பன்றி வளர்க்கிறார். அடிக்கிற நாளில் மாமாவுக்குப் போன் வரும். மாமா தோலோடு வாங்கி, மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி வாவியைக் கடந்து வருவார். ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு எங்களூரில் பாதை என்றுதான் பெயர். வைக்கோல் தீயில் மயிர் பொசுக்கி, கத்தியால் சுரண்டி, மறுபடி வாட்டிய தோல். பழுப்பாக, புகை மணத்தோடு இருக்கும். இறைச்சியை விட அதற்குத்தான் மரியாதை.

சமைப்பது அப்பாவும் மாமாவும். நான் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருப்பேன். நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். ஒரு பால் பொருள் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. எதையும் அளந்து பார்த்துத்தான் பழக்கம். ஆனால் பின்வளவில் இருந்த ஒரே அளவுகருவி அப்பாவின் வலது கடைவாய்தான். ஒரு துண்டுத் தோலை எடுத்து ஊதி, கண்ணை மூடிக்கொண்டு கடிப்பார். "இழுக்குது" என்றால் இன்னும் வேக வேண்டும். "சரி" என்றால் சட்டி இறங்கும். இந்தத் தீர்ப்பை மாமா கூட மறுத்ததில்லை.

போன வருஷம் அந்தக் கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் போயின. மிச்சத்தையும் பிடுங்கி, மேலும் கீழுமாகக் கட்டுப்பல் போட்டார்கள். அதற்குப் பிறகு முதல் தடவையாக மாமா இறைச்சி கொண்டுவந்த நாளில் அப்பா எழும்பவே இல்லை.

"எனக்கு வேணாம். டொக்டர் கொழுப்பக் குறைக்கச் சொன்னவர்" என்றார்.

டொக்டரிடம் அவரைக் கூட்டிப்போனவள் நான். உப்பைக் குறைக்கத்தான் சொன்னார். கொழுப்பைப் பற்றிப் பேச்சே வரவில்லை. இருந்தாலும் மாமாவுக்கு முன்னால் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

மாமா தனியாகச் சமைக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"டேய், தண்ணி வத்துது. தீயக் குறை."

"உள்ளுக்க இரிந்து உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் மாமா.

"மணம் சொல்லுது."

அம்மாவின் குரல் பின்னாலேயே வந்தது. "வேணாமெண்ட ஆளுக்கு மூக்கு மட்டும் ஏன் முந்திரிகைக்குக் கீழ நிக்குது?"

அன்று பதம் பார்க்க ஆளில்லை. மாமா தானே ஒரு துண்டைக் கடித்து, "சரியாத்தான் இரிக்கி" என்று இறக்கினார். குழம்பு நல்ல ருசி. தோல் சைக்கிள் டியூப். மாமா விட்டுக்கொடுக்காமல் மென்றார். "தோலெண்டா இழுக்கத்தானே வேணும்" என்றார். பாதைக்கு நேரமாகி மோட்டார் சைக்கிளில் ஏறும்போதும் வாய் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையைக் கவனிக்கத் தொடங்கினேன். தொடாமல் திரும்பி வருபவற்றை மனதில் வரிசைப்படுத்தினேன்: முருங்கைக்காய், கொய்யாப்பழம், பனங்கிழங்கு, பொரித்த இறால். கொழுப்புக்கும் கொய்யாப்பழத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"கொழுப்பில்ல கா, வெக்கம்" என்றார் அம்மா. "கலியாண வீட்டில முறுக்குக் கடிச்சவர். கீழ்ப்பல்லு முறுக்கோட கழண்டு கையில வந்திட்டு. பக்கத்தில ஒருத்தரும் பாக்கல்ல. ஆனா அவர் பாத்தவர்தானே."

"அதுக்கு மாமாவோட இருந்து சாப்பிடாம விடுறதா?"

"உன்ர மாமன்ட வாயப் பத்தித் தெரியாதா? அவன்ட கண்ணில பட்டா, பாதை அக்கரைக்குப் போய்ச் சேர முன்னமே மண்டூருக்குக் கதை போயிரும்."

இப்போது விஷயம் விளங்கியது. பல் கழலாது என்ற நம்பிக்கை வரும்வரை அப்பா முந்திரிகை மரத்தடிக்கு வரமாட்டார். வராவிட்டால் அவரும் மாமாவும் சேர்ந்து உட்காரும் அந்த நாட்களும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. தவிர, என் படிப்புக்கு எட்டாத பிரச்சினையும் இல்லை.

முதலில் தடைகளை எண்ணிப் பார்த்தேன். அப்பாவுக்கென்று தனியாக மெத்தென்று சமைத்தால் காரணம் வெளியே வந்துவிடும். எல்லாருக்கும் ஒரே சட்டிதான். மாமாவிடம் சொல்ல முடியாது. பிரஷர் குக்கர் இருந்தால் வேலை சுலபம், ஆனால் அது அடுப்படியில் இருக்கிறது. ஒரு தடவை வெளியே எடுக்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னை முறைத்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

முதல் முயற்சி எனக்கே சிரிப்பு வருகிற ஒன்று. தோல் மட்டும் கொஞ்சம் தனியாக வாங்கி வந்தேன். அதை அவித்து, உட்பக்கக் கொழுப்பைச் சுரண்டி, காயவைத்து, கொதிக்கிற எண்ணெயில் போட்டால் பப்படம் மாதிரி பொங்கும். மொறுமொறுவென்று நொறுங்கும், மெல்லத் தேவையில்லை என்று கணக்குப் போட்டேன். ஆனால் அது மாரி காலம். வாவியிலிருந்து வருகிற காற்றே நனைந்துதான் வருகிறது. கூரை மேல் விரித்தேன், விறகடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். வெளியே காய்ந்தது, உள்ளே காயவில்லை. எண்ணெயில் நாலைந்து துண்டு பொங்கியது. மிச்சமெல்லாம் கோட்டுப் பொத்தான் மாதிரி இறுகிப்போயின. எங்கள் நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு கிணற்றடிக்குப் போய், அங்கே வைத்துவிட்டுத் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தது. பொங்கியவற்றைக் கடித்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. முறுக்கும் மொறுமொறுப்பானதுதானே.

சரியான வழி வேலைத்தலத்தில் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. யோகட் இறுகுவதற்கு ஜெலற்றின் சேர்க்கிறோம். அது எங்கேயிருந்து வருகிறது? தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜனிலிருந்து. கொலாஜன்தான் தோலை இழுக்கவைக்கும் நார். ஈரச் சூட்டில், அவசரப்படாமல், கொஞ்சம் புளிப்போடு நெடுநேரம் கிடந்தால் அந்த நார் அவிழ்ந்து ஜெலற்றினாகும். அப்பாவும் மாமாவும் இறைச்சியையும் தோலையும் ஒன்றாகப் போட்டு, பெரிய தீயில் தண்ணீர் வற்றப் பிரட்டுகிறவர்கள். இறைச்சி வெந்துவிடும், தோல் பாதி வழியில் நிற்கும். அந்தப் பாதி வழியைத்தான் இத்தனை காலமும் அப்பாவின் கடைவாய் சமாளித்திருக்கிறது.

மாரி முடிந்து, வவுணதீவுப் பக்கத்து வயல் வட்டையில் அப்பாவின் நெல்லும் வெட்டி முடிந்த கையோடு மாமா வந்தார். "இண்டைக்கு நான் சமைக்கிறன்" என்று சட்டியைக் கழற்றினேன்.

தோலை மட்டும் பிரித்து எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்தேன். ஆறியதும் உட்பக்கத்துக் கொழுப்பைக் கரண்டியால் வழித்தேன். விரலகலத் துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீர் விட்டு, கொறக்காப் புளி, இஞ்சி, உள்ளி, மிளகு, ரம்பை இலை போட்டு, சிரட்டைத் தணலில் வைத்தேன். கொதிக்க விடவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும்.

மாமா இறைச்சிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். "மருமகள், இது எப்ப சட்டிக்குப் போகும்? அடுத்த போகத்துக்கா?"

"தோல் பாதி வெந்த பிறகு, மாமா. இப்ப போட்டா இறைச்சி நூலாப் போயிரும்."

"தோல் திண்டா முகம் பளபளப்பாகுமாம். போன்ல பாத்தன்."

"வயித்துக்குப் போனா எல்லாம் துண்டு துண்டாத்தான் போகும். மறுகா அது முகத்துக்குப் போகுதா முழங்காலுக்குப் போகுதா எண்டு ஆர் கண்டது?"

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு பாடு?"

விரல் மடித்துச் சொன்னேன். "ஒண்டு, புரதம் நிறைய இரிக்கி. ரெண்டு, ஆனா முழுமையான புரதமில்ல. அதால இதையே நம்பி இரிக்க ஏலாது. பருப்பும் சோறும் சேர்த்துச் சாப்பிடோணும். மூண்டு, கொழுப்பு தோலுக்குக் கீழதான் கூட, அத வழிச்சுப்போட்டன். உப்பு எங்கட கையில. நாலு, ருசி."

"அத முதல்ல சொல்லியிருக்கலாம்" என்றார் மாமா.

இறைச்சியும் சேர்ந்து வெந்தது. தென்னோலையிலிருந்து ஒரு ஈர்க்கு உருவி, ஒரு துண்டுத் தோலில் வைத்தேன். அழுத்தாமலே இறங்கியது. "சரி, மாமா. பதம் வந்திட்டு."

"ஈர்க்குக்குப் பல்லிருக்கா? இதெல்லாம் சரிவராது. மச்சான் வந்து சொல்லட்டும்."

மாமா இப்படிச் சொல்வார் என்று நான் திட்டமிடவில்லை. ஆனால் வந்த வாய்ப்பை விடவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, "சின்னத் துண்டுதான் அப்பா, உப்பும் பாக்கோணும்" என்றேன்.

பிறகு அப்பா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "மருந்துக்கு ஒண்டு தா."

ஊதினார். வலது பக்கத்தில் வைத்தார். கண்ணை மூடினார். நான் அவருடைய தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக ஒரு தரம், இன்னும் மெதுவாக ஒரு தரம் அசைந்தது. எதுவும் கழலவில்லை. விழுங்கினார். கண்ணைத் திறந்து சட்டியைப் பார்த்தார்.

"பதம் வரல்ல. இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்."

ஈர்க்கு என் கையில்தான் இருந்தது. அதைத் தணலுக்குள் போட்டுவிட்டு, இரண்டு சிரட்டையை உள்ளே தள்ளினேன்.

"எனக்குப் பசி உயிர் போகுது" என்றார் மாமா.

"இரு. சும்மா இறக்கி நீ ரப்பர் திண்டது போதும்" என்று அப்பா தென்னங்குத்தியில் உட்கார்ந்தார். அவர் வழக்கமாக இருக்கும் குத்தி. பிறகு இன்னொரு துண்டு கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றார். மறுபடி ஒன்று. "சரி, இறக்கு" என்று சொல்வதற்குள் அவருடைய பங்கில் பாதி பதம் பார்த்தே முடிந்திருந்தது.

அம்மா சோற்றையும் பருப்பையும் வாசற்படி வரை கொண்டுவந்து நீட்டினார். நாங்கள் இந்தப் பக்கமிருந்து வாங்கி, வாழையிலையில் போட்டுச் சாப்பிட்டோம். தோல் கண்ணாடி மாதிரி மினுங்கியது. குழம்பு பட்ட உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டின. ஒட்டினால்தான் சரி என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். மாமா மூன்றாம் தடவை போட்டுக்கொண்டிருந்தார்.

கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது அப்பா எங்களுக்கு முதுகு காட்டி நின்று வாய் கொப்பளித்தார். மாமா வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"கழட்டிக் கழுவுங்க மச்சான். மிளகு இடுக்கில நிண்டா எரியும்."

அப்பாவின் கை அப்படியே நின்றது.

"முறுக்குக் கடிச்ச அண்டைக்கு நான் உங்களுக்குப் பின்வரிசையிலதான் இரிந்தன்" என்றார் மாமா.

"மண்டூரில எத்தின பேருக்குச் சொன்னாய்?"

"ஒருத்தருக்கும் சொல்லல்ல. அக்காட கையால ஆர் அடி வாங்குறது?"

அப்பா மேல்பல், கீழ்ப்பல் இரண்டையும் கழற்றி, மாமா ஊற்றிய தண்ணீரில் கழுவினார். ஈரக் கையில் பற்களைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார். கன்னம் ஒட்டி, வேறு யாரோ மாதிரி இருந்தார்.

"நல்லாத்தான் இரிந்தது, மகள்" என்றார், காற்று கலந்த குரலில். "எண்டாலும் தோல் கொஞ்சம் குழைஞ்சு போச்சு."

"பதம் பாத்தது ஆராம்?" என்றார் மாமா.

அப்பா சிரித்தார். பல்லைத் திரும்பப் போட நினைவில்லாமலே சிரித்தார். நான் சட்டியைத் தேய்க்கத் தொடங்கினேன்.